பக்கத்து வீட்டுக்காரர் தூங்கட்டும், பேராண்டி

ஏலே பேராண்டி, நூறு வாட்டு கிதார் ஆம்ப் வாங்கப் போறியாமே? உங்க அம்மா போன்ல சொல்லி அழுதா. தாராளமா வாங்கு. வேளச்சேரியில எட்டுக்குப் பத்து ரூம்பு, ஒத்தச் செங்கல் சுவரு, அந்தப் பக்கம் கைப்பிள்ளைக்காரி, மேல் மாடியில பிரஷர் ஏறின ரிட்டயர்டு தாசில்தார். இப்படி ஒரு அரங்கம் யாருக்கு வாய்க்கும்? முதல் நாள் நீ ஒத்தக் கம்பியைச் சுண்டு, மறுநாளே வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்திருவாரு. மெட்ராஸ்ல அட்வான்ஸ் முழுசாத் திரும்பி வர எனக்குத் தெரிஞ்சு வேற வழி கிடையாது.

கெழவனுக்கு என்ன தெரியும்னு மட்டும் நினைச்சிராத. கோவில்பட்டிப் பக்கம் கொடை, சடங்கு, கல்யாணம்னு மைக் செட்டு கட்டின கை இது. வேப்ப மர உச்சியில குழாயைக் கட்டி, வால்வு ஆம்ப்ளிஃபயரைச் சூடேத்தி, நாலு ஊருக்குக் கேக்க வச்சவன். அதுல காது மந்தமாப் போச்சுன்னு உங்க ஆச்சி சொல்லுதா. அப்படி ஒண்ணும் இல்ல, அவ சொல்றது மட்டும்தான் கேக்காது. 2000-ல சத்தத்துக்கு விதி போட்டான் பாரு, குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி பத்துல இருந்து காலையில ஆறு வரைக்கும் 45 டெசிபல்னு, அன்னைக்கே நம்ம தொழிலுக்குப் பாதி உசுரு போச்சு. அந்தப் பாதியை நீ மெட்ராஸ்ல போய் மீட்டு எடுக்க வேண்டாம்.

"சரி தாத்தா, அப்போ சின்னதா ஒரு வாட்டு ஆம்ப் வாங்கிக்கிடுதேன்"னு சொல்லுவ. அறிவாளி. செலஸ்டியான்காரன் வின்டேஜ் 30-ன்னு ஒரு பன்னிரண்டு இஞ்ச் கிதார் ஸ்பீக்கர் விக்கான். ஒரே ஒரு வாட்டு கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்னு அளந்தா அது 100 டெசிபல் கத்தும். நூறு வாட்டுக்குக் கணக்குப் போட்டா 120. வாட்டைப் பத்துல ஒண்ணாக் குறைச்சா பத்து டெசிபல்தான் இறங்கும், காதுக்கு ஏறக்குறையப் பாதியாத்தான் தெரியும். நூறுல தொண்ணூறைப் பிடுங்கினாலும் பாதிச் சத்தம் மிச்சம் நிக்கும்! வாட்டைக் குறைச்சு வாங்கி ஊரை ஏமாத்திரலாம்னு நினைக்கவனை, ஊருக்கு முந்தி கணக்கே ஏமாத்திரும்.

அப்போ எதுக்குலே அந்தக் காலத்து வெள்ளைக்காரனுவ அம்புட்டுச் சத்தமா வச்சு வாசிச்சானுவ? வீம்புக்கு இல்ல. வால்வு ஆம்ப், குமிழைக் குறைச்சு வச்சா நல்ல பிள்ளையா இருக்கும். முக்க விட்டாத்தான் சத்தம் கிழியும், அந்தக் கிழிசலுக்குத்தான் மவுசு. 1966-ல ஜான் மேயால் குழுவோட எரிக் கிளாப்டன் லண்டன் டெக்கா ஸ்டுடியோவுக்குப் போறான். மார்ஷல் ஆம்பை மேடையில வைக்க அளவுக்கே வச்சு வாசிப்பேன்னு நிக்கான். பதிவு பண்ண வந்தவருக்குக் கிறுகிறுத்துப் போச்சு, ஸ்டுடியோவுல அப்படி வாசிக்கிறது அப்போ வழக்கமே இல்ல. கடைசியில அப்போ பதிஞ்ச தட்டுதான் பாடமாச்சு. அதுக்கு முந்தி லிங்க் ரே-ன்னு ஒரு அமெரிக்கக்காரன், 1958-ல வந்த ‘ரம்பிள்’ பாட்டுக்கு ஸ்பீக்கர் காகிதத்தைப் பென்சிலால குத்திக் கிழிச்சான். 1964-ல கிங்க்ஸ் குழுவுல டேவ் டேவிஸ் பிளேடை எடுத்தே கீறிட்டான். நம்ம பக்கம் கிழிஞ்ச ஸ்பீக்கரைக் கொண்டுபோய்க் கட்டினா கொடை முடிஞ்சதும் வாடகையில கழிச்சுருவாவ. அவன் அதை வச்சுப் பேரு வாங்கிட்டான், பாத்துக்கோ.

ஆக, நீ தேடுறது சத்தத்தை இல்ல, சத்தத்துல இருக்க பழுதை. பழுதுக்கு வாட்டு எதுக்கு? அதைக் கம்ப்யூட்டர்ல கணக்காப் போட்டுரலாம். இதைத்தான் ஆம்ப் சிமுலேஷன்ங்கான். ஆனா அவசரப்படாத. எல்லாப் பயலும் வழுக்கி விழுற இடம் இனிமேத்தான் வருது.

ஆம்பைப் பத்தி ராப்பகலாப் பேசுறவன் ஸ்பீக்கர் பெட்டியைப் பத்தி வாயே திறக்க மாட்டான். கிதார் ஸ்பீக்கர்ங்கது யோக்கியமான ஸ்பீக்கர் கிடையாது. பாட்டுக் கேக்க வாங்குற ஸ்பீக்கர் இருபதாயிரம் ஹெர்ட்ஸ் வரைக்கும் எட்டிப் பார்க்கும். இது ஐயாயிரத்தைத் தாண்டினதும் படுத்துக்கிடும். கீச்சுச் சத்தத்துக்குத் தனியா ட்வீட்டரும் கிடையாது. அந்தச் சோம்பேறித்தனம்தான் கிதாரைக் காப்பாத்துது. ஆம்ப் சத்தத்தைக் கிழிக்கும்போது மேல்வரிசையில ஏகப்பட்ட குப்பைச் சுருதி கிளம்பும், பன்னிரண்டு இஞ்ச் காகிதம் அதையெல்லாம் அமுக்கிரும். பெட்டியை எடுத்துட்டு, ஆம்ப்ல இருந்து வர்ற கிழிசலை அப்படியே ஹெட்ஃபோன்ல விட்டுக் கேளு. தகர டின்னுக்குள்ள குளவி பூந்த மாதிரி இருக்கும். இந்தக் குளவியைக் கேட்டுட்டுத்தான் பாதிப் பேரு "சாஃப்ட்வேர் எல்லாம் ஆம்புக்கு ஈடாகாது தாத்தா"ன்னு என்கிட்ட வேதாந்தம் பேசுதான். ஆம்ப் மேல குத்தம் இல்ல, ராசா. நீ பெட்டி மாட்டலை.

அந்தப் பெட்டியைக் கம்ப்யூட்டருக்குள்ள கொண்டு வர்றதுக்குப் பேரு கேப் சிமுலேஷன். இப்போ பெரும்பாலும் ஐ.ஆர்.னு ஒரு சின்ன ஃபைலை வச்சே வேலை முடிஞ்சிருது. இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்ங்கதைத்தான் அப்படிச் சுருக்கிட்டான். நிசமான ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால மைக்கை வச்சு, அடிச்சுருதியில இருந்து உச்சி வரைக்கும் ஒரே இழுப்பா ஊளையிட விடுவான். உள்ள போனது என்ன, மைக்ல விழுந்தது என்னன்னு ரெண்டையும் ஒத்துப் பார்த்து, நடுவுல பெட்டி பண்ணின சேட்டையை மட்டும் பிரிச்சு எடுத்து வச்சுக்கிடுவான். மொத்தமும் கால் செகண்டுகூட வராது. அதுக்குள்ள ஸ்பீக்கர் இருக்கு, மரப்பெட்டி இருக்கு, மைக் இருக்கு, மைக்கை எந்த மூலையில வச்சான்ங்கதும் இருக்கு. ஷூர் எஸ்.எம். 57-ங்க மைக்கைக் காகிதத்துக்கு நடு மையத்துல வச்சா குத்தும், ஓரத்துக்கு நகர்த்தினா மந்தமாகும். ரெண்டு விரக்கடை நகர்ந்தாலே வேற சத்தம். ஆம்பை மாத்தினாக்கூட இம்புட்டு வித்தியாசம் வராது. அதனால, ஆம்ப் சாஃப்ட்வேர் காசு கொடுத்து வாங்கணுமான்னு தவிக்கிறதுக்கு முந்தி ஐ.ஆரை மாத்திப் பாரு. ஓசியிலயே நல்லது கிடைக்கும்.

கிடைக்குதேன்னு நானூறு இறக்கி வைக்காத. உன்னைத் தெரியும் எனக்கு. ராத்திரி ஒன்பதுக்கு உக்காருவ, ஒவ்வொண்ணா மாட்டிப் பாப்ப, விடியக்காலம் வந்திரும், ஒரு ஸ்வரம் பதிஞ்சிருக்க மாட்ட. நாலு பொறுக்கு. குத்தலா ஒண்ணு, மந்தமா ஒண்ணு, நடுவாந்திரமா ரெண்டு. மிச்சத்தை அழி. அழிக்கக் கை வரலைன்னா எனக்கு அனுப்பு, நான் அழிச்சுத் தாரேன்.

இன்னொரு கூத்தும் உண்டு. சில சாஃப்ட்வேர்ல ஆம்போட பெட்டியும் சேர்ந்தே வரும். அது தெரியாம அதுக்குப் பின்னால ஒரு ஐ.ஆரையும் மாட்டிட்டு, "சத்தம் கம்பளிக்குள்ள இருந்து வருது"ன்னு புலம்புவானுவ. பெட்டிக்குள்ள பெட்டி வச்சா வேற எப்படி வரும்? நியூரல் ஆம்ப் மாடலர்னு ஸ்டீவன் அட்கின்சன் ஓசியா விட்டிருக்காரே, அதுல இதை ரொம்ப உத்துப் பாரு. அது ஆம்புக்குள்ள போன சத்தத்தையும் வெளிய வந்த சத்தத்தையும் கம்ப்யூட்டருக்குக் காட்டி, நடுவுல நடந்த கோளாறைக் கத்துக்கிட வைக்கிற வித்தை. ஊர்ப்பட்ட பேரு தங்களோட ஆம்பைப் பிடிச்சு ஃபைலாப் போட்டிருக்காவ. சிலது வெறும் ஆம்ப், சிலது பெட்டியோட சேர்த்துப் பிடிச்சது. எதுன்னு வாசிச்சுட்டு இறக்கு. படிச்ச பிள்ளைதானே நீ.

இதெல்லாம் நேத்து முளைச்சதுன்னு நினைக்காத. 1968-ல பீட்டில்ஸ் ‘ரெவல்யூஷன்’ பாட்டுக்கு ஆம்பே இல்லாம கிதாரை நேரா மிக்சர் மேஜையில சொருகி, அந்த மேஜையையே முக்க விட்டுப் பதிஞ்சாவ. டாம் ஷோல்ஸ்னு ஒருத்தரு, எம்.ஐ.டி.யில எஞ்சினீயருக்குப் படிச்சுட்டு போலராய்டு கம்பெனியில உத்தியோகம் பார்த்தாரு. உத்தியோகம் போக மிச்ச நேரம் வீட்டு நிலவறையில கிதார். அவரோட பாஸ்டன் குழுவுக்கு முதல் தட்டு 1976-ல வந்தது. ரெக்கார்டு கம்பெனி லாஸ் ஏஞ்சலிஸ்ல பெரிய ஸ்டுடியோவுல பதியணும்னு ஒத்தைக் கால்ல நின்னான். மத்தவங்களை அங்க அனுப்பி வச்சுட்டு, இவரு மாசசூசெட்ஸ்ல நிலவறையை விட்டு அசையாம முக்காவாசியைப் பதிஞ்சு முடிச்சாரு. அமெரிக்காவுல மட்டும் ஒரு கோடியே எழுபது லட்சம் தட்டு வித்துப் போச்சு. எனக்கு அந்த மனுசனை ரொம்பப் பிடிக்கும், கம்பெனிக்காரனுக்கு ஆமாம் சாமின்னு சொல்லிக்கிட்டே தன் வேலையைப் பாக்கத் தெரிஞ்சவரு. அவருதான் பின்னால 1982-ல ராக்மேன்னு இடுப்புல மாட்டுற ஹெட்ஃபோன் ஆம்ப் பண்ணினாரு. டெஃப் லெப்பர்டு குழுவோட ‘ஹிஸ்டீரியா’ தட்டுல அந்தச் சின்னப் பெட்டிச் சத்தம்தான் பெருசா நிக்கும். அப்புறம் 1989-ல சான்ஸாம்ப், 1998-ல லைன் 6 பாட்னு ஆம்பைப் போலப் பேசுற கருவி ஒவ்வொண்ணா வந்தது. ஆக, அக்கம்பக்கத்துக்குக் கேக்காமப் பதியுற கூட்டத்துல நீ கடைசியாச் சேர வந்தவன். பந்தா வேண்டாம்.

இனி வேலையைப் பாப்போம். கிதார் வயரைக் கொண்டுபோய்க் கண்ட ஓட்டையில சொருகாத. கிதார் பிக்கப்பு பலம் இல்லாத சீவன், அதுக்கு ஒரு மெகா ஓம் அளவுக்கு உள்வாசல் வேணும். ஆடியோ இன்டர்ஃபேஸ்ல ‘இன்ஸ்ட்’னு ஒரு பொத்தான் இருக்கும், அதை அமுக்கு. லைன் வாசல்ல விட்டா மேல்சுருதி செத்துப் போகும், நீ ஈக்வலைசரைத் திருகித் திருகி விரல் தேஞ்சு போவ. கெயின் குமிழை, நீ பலமா அடிக்கும்போது மீட்டர் மைனஸ் 12 பக்கம் நிக்குற மாதிரி வை. 24 பிட்டுல பதியும்போது உச்சியைத் தொட வேண்டிய அவசியமே இல்ல. இன்னொண்ணு, அந்தக் குமிழை நீ ஏத்த ஏத்த உள்ள இருக்க சாஃப்ட்வேர் ஆம்பும் கூடக் கிழியும். கண்டபடி ஏத்தி வச்சுட்டு "இந்த மாடல் சரியில்ல"ன்னு எவனையோ திட்டாத.

‘கொர்ர்’னு ஒரு இரைச்சல் வரும். அதுக்குப் பேயோட்ட வேண்டாம். மின்விசிறியோட எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரைப் பாரு, விலை மலிஞ்ச இன்வெர்ட்டரைப் பாரு, எர்த் இல்லாத ரெண்டு முள்ளு லேப்டாப் சார்ஜரைப் பாரு. பதியுற நேரத்துக்கு ஃபேனை நிறுத்து, சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில ஓட்டு. வேர்க்கும். கலைன்னா வேர்க்கத்தான் செய்யும். ஒத்தச் சுருள் பிக்கப்பா இருந்தா உக்காந்திருக்க திசையை மாத்திப் பாரு, ஒரு பக்கம் திரும்பினா இரைச்சல் ஒடுங்கும். கட்டில் போட வாஸ்து பார்த்த குடும்பம்தானே நம்மது, கிதாருக்கும் ஒருதரம் பாத்துரு.

அடுத்தது தாமதம். கம்பியைச் சுண்டினதுக்கும் காதுல விழுறதுக்கும் நடுவுல கம்ப்யூட்டர் யோசிக்கிற நேரம். 48,000 சாம்பிள் வேகத்துல 128 பஃபர் வச்சா ஒரு வழிக்கு 2.7 மில்லி செகண்டு. போக, வர, மத்தச் செலவு எல்லாம் சேர்த்து பத்துக்குள்ள நின்னா போதும். மேடையில பத்தடி தள்ளி ஆம்பை வச்சு வாசிச்சவனுக்கும் சத்தம் நடந்து வர ஒன்பது மில்லி செகண்டு ஆச்சு, அவன் ஒண்ணும் முறையிடலை. விண்டோஸா இருந்தா இன்டர்ஃபேஸ்காரன் கொடுக்கிற ஏசியோ டிரைவரைப் போடு. இம்புட்டும் பண்ணிட்டு காதுல புளூடூத் ஹெட்ஃபோனை மாட்டின, வந்து அடிப்பேன். அது பெரும்பாலும் தன் பங்குக்கு நூறு மில்லி செகண்டுக்கு மேல தின்னுரும். வயர் உள்ளதை வாங்கு.

கிழிசலை எப்பவும் பாதியாக் குறைச்சு வை. தனியாக் கேக்கும்போது மலையா இருக்கும், டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் கூழாப் போகும். உனக்கு வேணும்னு தோணுற பருமன் கிழிசல்ல வராது. ஒரே பகுதியை ரெண்டு தடவை தனித்தனியா வாசிச்சு, ஒண்ணை இடது ஓரத்துலயும் ஒண்ணை வலது ஓரத்துலயும் வை. அப்போ சுவரு மாதிரி நிக்கும். முதல்ல வாசிச்சதையே காப்பி பண்ணி ரெண்டு பக்கமும் போட்டா நடுவுல ஒண்ணாத்தான் கேக்கும். அந்தக் குறுக்குவழி உனக்கு இந்நேரம் தோணியிருக்கும், அதான் முன்கூட்டியே சொல்லுதேன். தடிச்ச கம்பியோட அடி ஸ்வரமே 82 ஹெர்ட்ஸ்தான், அதுக்குக் கீழ இருக்கதை வெட்டி எறி. வெறும் கிதார்ச் சத்தத்தைத் தனி டிராக்ல சாஃப்ட்வேர் ஒண்ணும் ஒட்டாமப் பதிஞ்சு வை. நாளைக்கு ஆம்ப் பிடிக்கலைன்னா ஆம்பை மட்டும் மாத்திக்கிடலாம், வாசிச்சது வாசிச்சதுதான்.

மெதுவா வச்சுக் கேக்கும்போது ஒரு மோசடி நடக்கும். சத்தம் குறைஞ்சா காது அடிச்சுருதியையும் உச்சிச் சுருதியையும் சரியா வாங்காது. ஃபிளெட்சர், மன்சன்னு ரெண்டு பேரு 1933-லயே அளந்து எழுதி வச்சுட்டாவ. ராத்திரி மெல்ல வச்சு, பத்தலை பத்தலைன்னு பேஸையும் ட்ரெபிளையும் ஏத்துவ. பகல்ல சத்தமாப் போட்டா கீழ இடிக்கும், மேல குத்தும். பிடிச்ச பாட்டு ஒண்ணை அதே அளவுல பக்கத்துல ஓட விட்டு ஒத்துப் பாரு. அதுக்காக ஹெட்ஃபோனை முழுசா முறுக்கிராத. 80 டெசிபல்னா வாரத்துக்கு நாப்பது மணி நேரம்னு உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுது. அதைத் தாண்டினா, வயசான காலத்துல பொண்டாட்டி பேசுறது கேக்காது. சில பேருக்கு அது சௌகரியம்னாலும் இருபத்தஞ்சு வயசுல அவசரம் இல்ல.

இழப்பே இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆம்ப் முன்னால நின்னா அந்தச் சத்தமே கம்பியை அதிர வச்சு, ஸ்வரம் சாகாம ஊளையிடும். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அதை வச்சே ராச்சியம் பண்ணினான். ஹெட்ஃபோன்ல அது கிடைக்காது. ஸ்பீக்கர் காகிதம் பலமா அடி வாங்கும்போது தானாக் கொஞ்சம் கிழியுமே, அதையும் ஐ.ஆர். பிடிக்காது, அது ஒரு கணத்தோட படம்தான். இந்த ரெண்டும் வேணும்னா பணம் கட்டி ஒரு நாள் ஸ்டுடியோவை எடு. மத்ததுக்கு உன் ரூம்பு போதும்.

ஒண்ணை மட்டும் விளையாட்டில்லாமச் சொல்லுதேன். பழைய வால்வு ஆம்ப் ஏதாவது கைக்கு வந்து, "ஸ்பீக்கர் வயரைக் கழட்டிட்டா சத்தம் வராதே"ன்னு உன் மூளை வேலை செஞ்சா, கையை மடக்கிக்கோ. லோடு இல்லாம வால்வு ஆம்பை முக்க விட்டா அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிரும். அந்தக் கருகின வாடை எனக்கு நல்லாத் தெரியும். ஸ்பீக்கர் இடத்துல லோடு பாக்ஸ்னு விக்கான், அதை மாட்டிட்டு அதுல இருந்து எடுத்துப் பதி.

அப்புறம், சத்தமே போடலைன்னு நீ நினைச்சுக்கிட்டிருப்ப, காலால தரையில தாளம் போடுவ. கீழ் வீட்டுக்காரனுக்கு உன் பாட்டு கேக்காது, உன் குதிகால்தான் கேக்கும். கீழ ஒரு மெத்தையைப் போட்டுக்கோ.

ஆம்ப் வாங்க வச்சிருந்த காசுல பாதிக்கு நல்ல இன்டர்ஃபேஸும் ஹெட்ஃபோனும் வாங்கு, மீதியை உங்க அம்மா கையில கொடு. சாஃப்ட்வேருக்கு ஒத்தப் பைசா செலவழிக்காத. பங்குனி உத்திரத்துக்கு ஊருக்கு வரும்போது பதிஞ்சதைப் பென் டிரைவ்ல ஏத்திட்டு வா. ஆறு நிமிஷ டோன் டெஸ்ட் எல்லாம் எனக்கு வேண்டாம். மூணு நிமிஷப் பாட்டு ஒண்ணு, ஆரம்பமும் முடிவும் உள்ளதாக் கொண்டா.